காஷ்மீர் போய் வந்தவர்களுக்கு: அங்கிருந்து கெட்ட செய்தி வரும்போது எழும் கேள்விகள்

2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமுக்கு மேலே இருக்கும் பைசரன் புல்வெளியில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 25 பேர் சுற்றுலா வந்தவர்கள், ஒருவர் உள்ளூர்க் குதிரைக்காரர். அன்றிலிருந்து மே 10 இந்தியா-பாகிஸ்தான் சண்டை நிறுத்தம் வரை, எனக்குத் தெரிந்தவர்களில் காஷ்மீர் போய் வந்த எல்லாரும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தார்கள். நண்பர்கள், உறவினர்கள், கூட வேலை பார்ப்பவர்கள் என்று பலரும் பேசினார்கள். அந்தப் பேச்சுகளில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் எனக்குத் தோன்றும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நாங்கள் போய் வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. அங்கே சொந்தபந்தம் யாரும் இல்லை. ஆனாலும் செய்தி கேட்டதிலிருந்து தூக்கம் வரவில்லை. இது மிகையா?

மிகை இல்லை. இடம் தெரிந்தவருக்குச் செய்தி எழுத்தாக வருவதில்லை, காட்சியாக வருகிறது. பைசரனுக்குப் போனவருக்கு அந்தப் பாதை உடம்பிலேயே இருக்கும். சேறும் கல்லும் மர வேரும் கலந்த ஏற்றம், குதிரை வழுக்கும்போதெல்லாம் சேணத்தை இறுகப் பிடித்துக்கொண்டது, கடைசியில் பைன் மரங்கள் விலகிப் பச்சையாக விரியும் வெளி. டிக்கெட் வாங்கி உள்ளே போனால் மேகி கடை, பேல்பூரி கடை, காஷ்மீர் உடையை மாட்டிவிட்டுப் படம் எடுப்பவர்கள். "புல்வெளியில் துப்பாக்கிச் சூடு" என்று ஒரு வரியைப் படித்ததும் இவ்வளவும் கூடவே எழுந்து வரும்.

இந்தக் கலக்கத்தில் இரண்டு உணர்ச்சிகள் சேர்ந்தே இருக்கின்றன. ஒன்று, "நாமும் அங்கேதானே நின்றோம், நமக்கு நடந்திருந்தால்?" என்ற பயம். இன்னொன்று, "நம்மைக் கூட்டிப்போன அந்த மனுஷர் இப்போது எப்படி இருக்கிறார்?" என்ற கவலை. முதலாவது நம்மைப் பற்றியது, சில நாளில் தானாக அடங்கும். இரண்டாவதற்கு ஏதாவது செய்தால்தான் அடங்கும். எது உங்களைத் தூங்கவிடவில்லை என்று பாருங்கள்.

செய்தியைப் பார்க்கும் விதமே மாறிவிட்டது. எதை நம்புவது, எதைச் சந்தேகப்படுவது?

நிலம் தெரிந்திருப்பது நிச்சயமாக உதவும். பைசரனில் ஏன் உடனே ஆம்புலன்ஸ் போய் நிற்கவில்லை என்று நிறையப் பேர் கோபமாகக் கேட்டார்கள். போய் வந்தவருக்கு அந்தக் கேள்வி எழாது. பஹல்காம் ஊரிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர், கார் போகாத பாதை, நடந்தோ குதிரையிலோதான் ஏற வேண்டும். அடிபட்டவர்களைக் குதிரைக்காரர்களும் சால்வை விற்பவர்களும் முதுகில் சுமந்து இறக்கியதற்குக் காரணம் அதுதான். அதே சமயம், நூற்றுக்கணக்கானவர்கள் கூடும் இடத்தில் ஏன் பாதுகாப்பே இல்லை என்ற கேள்வியை எல்லாரையும்விட உரக்கக் கேட்க வேண்டியவரும் போய் வந்தவர்தான்.

டிவியில் எல்லையோரக் குப்வாரா மாவட்டத்துச் செய்திக்கு, ஸ்ரீநகர் தால் ஏரியின் ஷிகாரா படகைக் காட்டுவார்கள். ஸ்ரீநகரிலிருந்து பஹல்காம் ஏறக்குறைய 90 கிலோமீட்டர், குல்மார்க் 50 கிலோமீட்டர். கார் ஜன்னல் வழியாக அந்தத் தூரத்தைப் பார்த்தவருக்கு "காஷ்மீர் பற்றி எரிகிறது" என்ற தலைப்பு எதைச் சொல்கிறது, எதை விட்டுவிடுகிறது என்று தெரியும். வீட்டு வாட்ஸ்அப் குழுவில் அதை நிதானமாக எடுத்துச் சொன்னாலே பாதிப் பதற்றம் குறையும்.

எங்கள் டிரைவர் எண் இன்னும் என் போனில் இருக்கிறது. கூப்பிடலாமா? கூப்பிட்டு என்ன பேசுவது?

கூப்பிடுங்கள். அந்த வாரத்தில் பஹல்காம், ஸ்ரீநகர் டிரைவர்களுக்கும் ஹவுஸ்போட்காரர்களுக்கும் வந்த அழைப்புகளில் பெரும்பாலானவை புக்கிங்கை ரத்து செய்யத்தான். ஈரோட்டில் இருக்கும் என் சித்தி, முன்பு அவர்களைக் கூட்டிப்போன டிரைவரைக் கூப்பிட்டார். அவர் எடுத்ததும், பேச்சுக்கே இடம் கொடுக்காமல், "மேடம், அட்வான்ஸ் எவ்வளவு கட்டினீங்க, திருப்பி அனுப்பிடறேன்" என்று ஆரம்பித்துவிட்டார். சித்திக்குப் புக்கிங்கே இல்லை. வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்கத்தான் கூப்பிட்டேன் என்று தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் புரியவைத்தபோது, அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லையாம். அப்புறம் தன் அம்மாவிடம் போனைக் கொடுத்திருக்கிறார். இரண்டு பேருக்கும் பொதுவான மொழி எதுவும் இல்லை. ஆனாலும் பேசியிருக்கிறார்கள்.

பேச வேண்டியது அவ்வளவுதான். வீட்டார் நலம், பிள்ளைகள் பள்ளிக்கூடம், வண்டி ஓடுகிறதா என்று கேளுங்கள். "யார் பண்ணினது? உங்க ஊர்க்காரங்க என்ன நினைக்கிறாங்க?" என்று மட்டும் கேட்காதீர்கள். அவர் தன்னை நல்லவர் என்று உங்களிடம் நிரூபிக்க வேண்டிய நிலையில் கொண்டுபோய் நிறுத்துவது கொடுமை. அது மட்டுமில்லாமல், போனில் அரசியல் பேசுவது அங்கே இருப்பவருக்குச் சிக்கலாக முடியலாம். அவராகப் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் அனுப்பிய குரல் செய்தியையோ குறுஞ்செய்தியையோ எந்தக் குழுவிலும் போடாதீர்கள்.

எடுக்கவில்லை. மெசேஜுக்கு ஒரே ஒரு டிக் மட்டும் தெரிகிறது. என்ன ஆகியிருக்கும்?

பெரும்பாலும் நெட்வொர்க்தான். வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது என்பது போனவர்களுக்குத் தெரியும். அங்கே தொடர்பு அறுந்துபோவது புதிதில்லை. 2019 ஆகஸ்ட் 2 அன்று அமர்நாத் யாத்ரீகர்களையும் சுற்றுலா வந்தவர்களையும் உடனே கிளம்பச் சொன்னார்கள். ஆகஸ்ட் 5 முதல் தரைவழி, கைபேசி, இணையம் எல்லாம் நின்றன. போஸ்ட்பெய்ட் பேச்சு வசதி அக்டோபர் 14 அன்றுதான் திரும்பியது. 4ஜி வர 2021 பிப்ரவரி ஆனது.

2019 டிசம்பரில் நடந்த ஒன்று இன்னும் மனதைப் பிசைகிறது. வாட்ஸ்அப்பில் 120 நாள் இணையம் வராத கணக்குகள் தானாக நீங்கிவிடும். எனவே அந்த மாத முதல் வாரத்தில் காஷ்மீர்க்காரர்கள் குழுக்களிலிருந்து வரிசையாக "வெளியேறினார்கள்". டூர் முடிந்தும் கலைக்காமல் வைத்திருந்த பழைய குழுக்களில் அந்த அறிவிப்பைப் பார்த்தவர்கள், நம்மேல் கோபமா என்று குழம்பினார்கள். அவர்கள் எதையுமே தொடவில்லை. அதனால் பதில் வராததை வைத்து எந்த முடிவுக்கும் போகாதீர்கள். ஒரு வாரம் விட்டு மறுபடி முயலுங்கள்.

எனக்குக் கவலையைவிடக் கோபம்தான் வருகிறது. சிரித்துச் சிரித்துக் காவா டீ கொடுத்தார்களே, அவர்கள் ஊரிலா இப்படி?

கோபம் நியாயம். பெயரையும் மதத்தையும் கேட்டுச் சுட்டிருக்கிறார்கள். அதைக் கேட்டுக் கோபம் வராவிட்டால்தான் தவறு. ஆனால் போய் வந்தவரின் கோபத்தில் ஏமாற்றமும் கலந்திருக்கும். நமக்குக் காவா ஊற்றியவரும் துப்பாக்கி பிடித்தவனும் ஒரே ஊர் என்ற நினைப்பில், ஊர் முழுவதுமே நம்மை ஏமாற்றிவிட்டதாகத் தோன்றும்.

அடுத்த நாள் ஏப்ரல் 23 அன்று என்ன நடந்தது என்று பாருங்கள். பள்ளத்தாக்கு முழுவதும் கடையடைப்பு. இத்தனை வருடமாக எத்தனையோ கடையடைப்புகளைப் பார்த்த ஊர், இந்த முறை விருந்தாளிகளைக் கொன்றதைக் கண்டித்துக் கதவை மூடியது. ஸ்ரீநகர் பத்திரிகைகள் முதல் பக்கத்தைக் கறுப்பில் அச்சிட்டன. இரவில் மெழுகுவர்த்தி ஊர்வலங்கள் நடந்தன. ஏப்ரல் 28 அன்று கூடிய சட்டசபையில், விருந்துக்கு வந்தவர்களைப் பத்திரமாகத் திருப்பி அனுப்புவது தன் கடமை, அதைச் செய்ய முடியவில்லை, மன்னிப்புக் கேட்க வார்த்தை இல்லை என்ற பொருளில் முதல்வர் உமர் அப்துல்லா பேசினார். அந்த 26 பேரில் ஒருவரான குதிரைக்காரர் தப்பி ஓடியிருக்கலாம். சுட வந்தவர்களைத் தடுக்கப் போனவர் அவர்.

2018 மே மாதம் ஸ்ரீநகருக்கு அருகே நார்பலில் சென்னை இளைஞர் ஒருவர் பயணம் செய்த வண்டி கல்வீச்சில் சிக்கி, அவர் உயிரிழந்தார். அப்போதும் அங்கே பலரும் தலைகுனிந்து வருந்தினார்கள். இந்த வருத்தங்கள் இறந்தவர்களின் குடும்பத்துக்கு ஈடாகாது. ஆனால் ஊர் முழுவதும் ஒரே முகம் என்று நினைக்கும்போது, இதையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். பஹல்காமுக்குப் பிறகு வேறு மாநிலங்களில் படித்த காஷ்மீர் மாணவர்கள் மிரட்டப்பட்டார்கள். உங்கள் ஊர்க் கல்லூரியில் அப்படி ஒரு பையன் இருந்தால், போய் வந்தவர் என்ற முறையில் நீங்கள் போய் அவன் பக்கத்தில் நிற்கலாம்.

"நான் நேரில் பார்த்தவன், அங்கே எல்லாம் அமைதியாகத்தான் இருக்கிறது" என்று என் நண்பர் அடித்துச் சொல்கிறார். போய் வந்தவர் சொல்வதுதானே சரியாக இருக்கும்?

இந்தக் கேள்வியில்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது.

நாம் எங்கே போனோம்? விமான நிலையம், தால் ஏரிக் கரையில் புல்வார்ட் சாலை, முகலாயத் தோட்டங்கள், குல்மார்க் கேபிள் கார், சோன்மார்க், பஹல்காம். யாரோடு பேசினோம்? நாம் பணம் கொடுத்தவர்களோடு. டிரைவர், ஹவுஸ்போட்காரர், ஷிகாரா ஓட்டுபவர், குதிரைக்காரர், குங்குமப்பூ விற்பவர். பிழைப்பு நடக்கும் நேரத்தில் வாடிக்கையாளரிடம் யாரும் தன் துக்கத்தைச் சொல்ல மாட்டார்கள். இரவு நேரச் சோதனையைப் பற்றி, காணாமல் போன அண்ணனைப் பற்றி, மூன்று நாளுக்குப் பழகிய ஒருவரிடம் எதற்காகச் சொல்ல வேண்டும்? பழைய ஸ்ரீநகரின் நௌஹட்டா பக்கமோ ஷோபியான் பக்கமோ பேக்கேஜில் இல்லை. கணவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாமல் வாழும் பெண்களை நாம் சந்திக்கவில்லை.

அதேபோல, 1990-ல் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியேறிய காஷ்மீர் இந்துக்களான பண்டிட் குடும்பங்களையும் நாம் பார்க்கவில்லை, ஏனென்றால் அவர்களில் மிகப் பெரும்பாலானோர் அங்கே இல்லை. ஜம்முவுக்கு அருகே ஜக்தி குடியிருப்பில் இருக்கிறார்கள், டெல்லியில் இருக்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை துல்முல்லாவில் கீர் பவானி கோயில் திருவிழாவுக்கு வந்து போகிறார்கள். அவர்கள் விட்டுப்போய், ஆற்றங்கரையில் ஜன்னல் உடைந்து நிற்கும் மர வீட்டை "அழகான பழைய வீடு" என்று நாம் படம் எடுத்திருப்போம்.

பயணம் நமக்குக் கொடுத்தது சில மனிதர்கள்மேல் அக்கறை. அந்த அக்கறை பெரிய விஷயம். அதை ஊரைப் பற்றிய தீர்ப்பாக மாற்றும்போதுதான் தப்பாகிறது. "எல்லாம் அமைதி" என்பதும் அப்படி ஒரு தீர்ப்பு, ஏப்ரல் 22-க்குப் பிறகு "ஒருத்தனையும் நம்பக் கூடாது" என்பதும் அப்படித்தான். உங்கள் நண்பரிடம் தகராறு வேண்டாம். அவர் யாரையெல்லாம் சந்தித்தார் என்று மட்டும் கேளுங்கள்.

மே 7 அன்று பூஞ்ச் மேல் குண்டு விழுந்தது. பஹல்காமுக்கு வந்த துக்கம் எனக்கு அதற்கு வரவில்லை. ஏன்?

நாம் பூஞ்ச் போனதில்லை, அதுதான் காரணம். பீர் பஞ்சால் மலைக்கு அந்தப் பக்கம், ஜம்மு பிரிவில், எல்லைக் கோட்டை ஒட்டி இருக்கும் ஊர் அது. மே 7 அதிகாலையில் பாகிஸ்தான் தரப்பிலிருந்து தொடங்கிய பீரங்கித் தாக்குதலில் பத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள். முஸ்லிம்கள், சீக்கியர்கள், இந்துக்கள் என்று எல்லாரும் அதில் அடக்கம். குழந்தைகளும் இறந்தார்கள். ஊரே பெட்டி படுக்கையோடு கிளம்பியது. நம் வீட்டுக் குழுக்களில் அதைப் பற்றி எத்தனை பேர் பேசினார்கள்?

கேரன் போனவர்களுக்கு இது கொஞ்சம் வேறு மாதிரி இருந்திருக்கும். 2021 பிப்ரவரியில் சண்டை நிறுத்தம் புதுப்பிக்கப்பட்ட பிறகு, குப்வாரா மாவட்டத்தில் கிஷன்கங்கா கரையில் இருக்கும் அந்தக் கிராமத்துக்குச் சுற்றுலாவாகப் போக முடிந்தது. ஆறு அகலமே இல்லை. அக்கரையில் பாகிஸ்தான் கட்டுப்பாட்டில் இருக்கும் வீடுகள், கடைகள், அங்கேயும் சுற்றுலா வந்த குடும்பங்கள். அக்கரைப் பிள்ளைகள் கையசைப்பார்கள், நாமும் கையசைப்போம். அக்கரையில் அந்த ஆற்றின் பெயர் நீலம். எல்லைக் கோட்டில் சண்டை என்ற செய்தியைப் படிக்கும்போது, இரண்டு கரையிலும் துணி காய்வதைப் பார்த்தவருக்கு எந்தக் கரையைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்க முடியும்?

இது நம்மவர்களுக்கு மட்டுமா, உலகம் முழுவதும் இப்படித்தானா?

உலகம் முழுவதும்தான். 1991-ல் யூகோஸ்லாவியா உடைந்தபோது குரோவேஷியாவில் இரண்டு ஊர்கள் முற்றுகையில் இருந்தன. ஒன்று அட்ரியாடிக் கடலோரத்தில் இருக்கும் துப்ரோவ்னிக். கோட்டை மதில், சலவைக்கல் தெரு, சிவப்பு ஓட்டுக்கூரை. 1979-லேயே யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய ஊர். ஐரோப்பாவின் நடுத்தரக் குடும்பங்கள் கோடை விடுமுறைக்குப் போய்ப் பழகிய ஊரும்கூட. இன்னொன்று டான்யூப் கரையில் இருக்கும் வுகோவர், ஆலைத் தொழிலாளர்கள் நிறைந்த சாதாரண ஊர்.

வுகோவர் 87 நாள் குண்டுமழையில் தரைமட்டமாகி நவம்பர் 18 அன்று வீழ்ந்தது. மருத்துவமனையில் இருந்தவர்களில் இருநூறுக்கும் மேற்பட்டவர்களை ஓவ்சாரா என்ற பக்கத்துப் பண்ணைக்குக் கூட்டிப்போய்க் கொன்றார்கள். டிசம்பர் 6 அன்று துப்ரோவ்னிக்கின் பழைய நகரத்தின்மேல் கடுமையாகக் குண்டு விழுந்தது. உயிரிழப்பு வுகோவரோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. ஆனால் ஐரோப்பா அதிர்ந்தது துப்ரோவ்னிக்குக்காகத்தான். அங்கே ஐஸ்கிரீம் சாப்பிட்டவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், வுகோவரைப் பார்த்தவர்கள் யாருமே இல்லாத மாதிரிதான்.

துப்ரோவ்னிக்குக்காக எழுந்த குரல் வீண்போகவில்லை. பழைய நகரத்தைத் தாக்கியதற்காக, யூகோஸ்லாவியப் போர்க்குற்றங்களை விசாரித்த ஹேக் தீர்ப்பாயம் தளபதிகளைத் தண்டித்தது, உலக நாடுகளின் உதவியோடு கூரைகள் திரும்ப எழுந்தன. இன்றும் மதில்மேல் நின்று பார்த்தால் மங்கிய பழைய ஓடுகளுக்கு நடுவே பளிச்சென்ற புது ஓடுகள் தெரியும். பார்த்தவர்களின் அக்கறை ஓர் ஊரைக் காப்பாற்ற உதவும் என்பதற்கு அது சாட்சி. அந்த அக்கறை பக்கத்து ஊருக்குத் தானாகப் போய்ச் சேராது என்பதற்கு வுகோவர் சாட்சி.

அப்படியானால் போகாத ஊருக்கு என்ன செய்வது? எல்லா ஊருக்கும் போக முடியுமா?

முடியாது. போன ஊரிலிருந்து பக்கத்து ஊருக்கு மனதால் போகலாம். தமிழ்நாட்டிலிருந்து வருடந்தோறும் கிறிஸ்தவக் குடும்பங்கள் புனிதப் பயணமாக எருசலேம், பெத்லகேம் போகிறார்கள், தமிழக அரசு மானியமும் தருகிறது. பெத்லகேமில் ஒலிவ மரத்தில் செதுக்கிய குடில் வாங்காமல் வந்தவர் குறைவு. 2023 டிசம்பரில் காசா போரை முன்னிட்டு அங்கே கிறிஸ்துமஸ் கொண்டாட்டங்களை நிறுத்தினார்கள். போய் வந்தவர்களுக்கு அந்தச் செய்தி வலித்தது. எருசலேமிலிருந்து காசா நகரம் 80 கிலோமீட்டருக்குள்தான், ஆனால் பயணத் திட்டத்தில் அது வந்ததே இல்லை. பெத்லகேம் கடைக்காரருக்காக வருந்தியவர்கள், அந்த 80 கிலோமீட்டரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

நாங்கள் அங்கே எடுத்த படங்களை இப்போது பகிரலாமா?

உங்கள் முகம் மட்டும் இருந்தால் உங்கள் இஷ்டம். உள்ளூர்க்காரர் முகம் தெரிந்தால் வேண்டாம்.

எங்களோடு வந்த மகள், "அந்தக் குதிரை மாமா செத்துட்டாரா?" என்று கேட்கிறாள்.

தெரிந்ததைச் சொல்லுங்கள். ஒரு குதிரை மாமா இறந்துவிட்டார், அவர் மற்றவர்களைக் காப்பாற்றப் போனார், நம்மைக் கூட்டிப்போனவர் வேறு ஒருவர் என்று சொல்லலாம். உங்களுக்கே தெரியாவிட்டால் அவளை வைத்துக்கொண்டே விசாரியுங்கள். பிள்ளைகளுக்குக் குதிரையின் பெயர்கூட நினைவிருக்கும், நாம்தான் மறந்திருப்போம்.

மறுபடி போகலாமா?

அவசரப்பட வேண்டாம், அறவே வேண்டாம் என்று முடிவெடுக்கவும் வேண்டாம். தாக்குதலுக்குப் பிறகு 87 சுற்றுலா இடங்களில் 48-ஐ மூடினார்கள். ஜூனில் தொடங்கிப் படிப்படியாகச் சிலவற்றைத் திறந்தார்கள். போவதற்கு முன் எந்த இடம் திறந்திருக்கிறது என்று சுற்றுலாத் துறையின் அறிவிப்பில் பாருங்கள். ரத்து செய்தால் பணம் திரும்புமா என்று எழுத்தில் வாங்குங்கள். பயணக் காப்பீடு பலவற்றில் போர்க்காலச் சேதத்துக்கு ஈடு கிடையாது, அதையும் படியுங்கள். வயதானவர்களோடும் கைக்குழந்தையோடும் போகிறவர் தயங்கினால் அதில் குற்றமே இல்லை.

போகும்போது ஒன்று செய்யலாம். ஏப்ரலில் டூலிப் தோட்டம் தொடங்கி அமர்நாத் யாத்திரை வரையிலான சில மாதம்தான் பலருக்கு வருட வருமானம். 2025-ல் அதில் பெரும்பகுதி போனது. குதிரைக்காரரிடம் நூறு ரூபாய்க்குப் பேரம் பேசாதீர்கள்.

அவர் பெயர் மட்டும்தான் நினைவிருக்கிறது, எண் தொலைந்துவிட்டது. எப்படி விசாரிப்பது?

நீங்கள் தங்கிய ஓட்டலின் பில் மின்னஞ்சலில் இருக்கும், அங்கே கேளுங்கள். வரவேற்பில் இருப்பவருக்கு டிரைவர்கள் எல்லாரையும் தெரியும். பஹல்காமில் டாக்ஸி ஸ்டாண்டுக்கும் குதிரைக்காரர்களுக்கும் சங்கங்கள் இருக்கின்றன. ஹவுஸ்போட்டின் பெயரோ ஏரிக்கரைப் படித்துறை எண்ணோ தெரிந்தால் போதும், கண்டுபிடித்துவிடுவார்கள். அவர் படத்தைப் போட்டு "இவரைத் தெரியுமா?" என்று பேஸ்புக்கில் தேடாதீர்கள், அங்கே இருக்கும் சூழலில் அது அவருக்கு வம்பு. உங்கள் பெயர், எந்த மாதம் வந்தீர்கள், எத்தனை பேர், தமிழ்நாட்டில் எந்த ஊர் என்று எழுதி, சும்மா நலம் விசாரிக்கத்தான் என்றும் சேர்த்து, ஓட்டல்காரரிடம் கொடுத்துவிடுங்கள். விருப்பம் இருந்தால் அவரே கூப்பிடுவார்.